முத்திரைக்காக எல்லை தாண்டுவோர்

நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்ட ஒரு குழாய். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் அண்ணாந்தும், மேலும் கீழும் ஒரே சீராகப் பற்றவைக்க வேண்டும். பிறகு அந்த இணைப்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்; உள்ளே விரிசலோ துளையோ தெரிந்தால் தேறவில்லை. தொழிலில் ‘6ஜி’ என்று சொல்லப்படும் இந்தத் தேர்வில் தேறியவருக்கு மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஷட்டவுன் வேலையிலும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பராமரிப்பிலும், எண்ணூர் உர ஆலையிலும் மதிப்பு உண்டு. வளைகுடாவில் மதிப்பு இன்னும் அதிகம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஃபிட்டர், ரிக்கர், ஆர்கான் வெல்டர் என்று தொழில் பழகிய இளைஞர்கள் துபாய்க்கும் தம்மாமுக்கும் தோஹாவுக்கும் போவது இப்படித்தான். ஒரு வெல்டரின் கைத்திறனை ஒரு மணி நேரத்தில், நிற்கிற இடத்திலேயே சோதித்துவிட முடிகிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கான அனுமதியை மாற்றவோ புதுப்பிக்கவோ, அவர் நிற்கிற நாட்டைவிட்டு வெளியேறி, பக்கத்து நாட்டில் காத்திருந்து, மறுபடி உள்ளே வர வேண்டும் என்று பல நாடுகள் விதித்திருக்கின்றன. இந்த விதி யாருக்காக, எதற்காக என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

இந்தப் பயணத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. துபாயில் விசிட் விசாவில் இறங்கியவர் வேலை விசாவுக்கு மாற ஈரானின் கிஷ் தீவுக்கோ ஓமானுக்கோ போய்வருவது ஒன்று. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை செய்பவர் கடவுச்சீட்டில் புதிய முத்திரை வாங்க கனடாவிலோ மெக்ஸிகோவிலோ உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு 2025 வரை போய்வந்தது இன்னொன்று. முதலாமவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவராக இருக்கலாம், இரண்டாமவர் முதுகலைப் பொறியாளர். சம்பளத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் எல்லைக்கோட்டில் இருவரின் நிலையும் ஒன்றே: வெளியே கால் வைத்துவிட்டால், திரும்ப உள்ளே வருவது அவர் கையில் இல்லை. என் வாதம் இதுதான்: வெளியே போய் வா என்ற விதியால் எந்த நாட்டின் பாதுகாப்பும் கூடவில்லை. அரசும் முதலாளியும் சுமக்க வேண்டிய செலவையும் ஆபத்தையும், மறுத்துப் பேச முடியாத ஒருவர் தலையில் அது இறக்கி வைக்கிறது.

கிஷ் தீவின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதியின் விலை அங்கேதான் வெளிப்படையாகத் தெரிந்தது. கிஷ் ஈரானின் தடையற்ற வணிக மண்டலம். பெரும்பாலான நாட்டவர் முன்விசா இல்லாமல் இறங்கி 14 நாள் தங்கலாம். துபாயிலிருந்து சிறிய விமானத்தில் மிகக் குறைந்த நேரத்தில் போய்விடலாம். விசிட் விசா முடியும் தறுவாயில் இருந்த இந்தியரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் அங்கே போய், கம்பெனி புதிய விசாவை அனுப்பும்வரை காத்திருந்தார்கள். விசா வந்தால் அன்றே திரும்பலாம். வராவிட்டால் அறைவாடகை, சாப்பாடு, தொலைபேசி எல்லாம் கைக்காசு. அங்கே அவர்களுக்கு வேலையும் இல்லை, வேறு வழியும் இல்லை. 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ்ஷிலிருந்து வந்த கிஷ் ஏர் விமானம் ஷார்ஜாவில் தரையிறங்கும் முன் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 46 பேரில் 43 பேர் மாண்டார்கள். விசா மாற்றத்துக்காகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். விபத்துக்கு நேரடிக் காரணம் விமானி அறையில் நேர்ந்த தவறு. ஆனால் அவர்கள் அந்த விமானத்தில் ஏற நேர்ந்ததற்குக் காரணம் ஒரு முத்திரை.

இந்த அவசியம் மாற்ற முடியாத ஒன்றாக இருந்தால் மனம் ஆறலாம். அப்படி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகமே காட்டியது. 2018இல் அந்நாட்டு அமைச்சரவை, விசாவைப் புதுப்பிக்க நாட்டைவிட்டு வெளியேறத் தேவையில்லை, கட்டணம் கட்டி உள்ளிருந்தே செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், விசிட் விசாவை உள்ளிருந்தபடியே நீட்டிக்கும் வசதி நிறுத்தப்பட்டது. ஓமான் எல்லைக்குப் பேருந்துகளும், பக்கத்து நாட்டு விமான நிலையத்தில் இறங்கி வெளியே வராமலே திரும்பும் ‘ஏர்போர்ட் டு ஏர்போர்ட்’ பயணங்களும் மறுபடி பெருகின. நான்கு ஆண்டுகள் கதவு திறந்திருந்ததால் அந்த நாட்டுக்கு ஆபத்து வந்துவிடவில்லை. வெளியேற முடியாமல் கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஒரு மாதம் தவறினால் 1,500 திர்ஹாம். உதவியாளராகப் போகும் பலருக்கு மாதச் சம்பளமே அதைத் தொடாது.

வேலைக்குப் போகிறவர் விசிட் விசாவில் போவது ஏன் என்ற கேள்வி எழும். விடை துபாயில் இல்லை, இங்கே ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டு ‘ஈசிஆர்’ வகை. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாக வேண்டும். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில், இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று விசிட் விசாவில் விமானம் ஏறுபவருக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. பதிவில்லாத சப்-ஏஜென்டுக்கு வசதியான வழி அதுதான்: பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை, கட்டண வரம்பும் இல்லை. ‘போய் இறங்கு, அங்கே விசா மாத்திக்கலாம்’ என்பார்கள். அந்த மாற்றத்துக்கான பயணம், அதன் செலவு, காத்திருப்பு எதுவும் எந்தக் காகிதத்திலும் எழுதப்படுவதில்லை. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே செலவான காசை அந்தச் சட்டத்தைக் காட்டி யாரிடம் போய்க் கேட்பது? எல்லைப் பயணம் இரு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே வேலை செய்யும் உரிமையும் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரையும் தனித்தனி. ஹெச்-1பி அனுமதியை மூன்று ஆண்டும் பின் மூன்று ஆண்டுமாக உள்ளிருந்தே நீட்டித்துக்கொள்ளலாம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் இந்தியருக்கு அதற்கு மேலும் நீளும். ஆனால் முத்திரை காலாவதியானால், நாட்டைவிட்டு வெளியே போனவர் புதிய முத்திரை இல்லாமல் திரும்ப முடியாது. அம்மாவின் சாவுக்கு வந்தவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் திரும்ப முடியாமல் தவிக்கும் நிலை இங்கேதான் பிறக்கிறது. இந்த முத்திரையை முன்பு அமெரிக்காவுக்குள்ளேயே, செயின்ட் லூயிஸ் நகருக்குக் கடவுச்சீட்டைத் தபாலில் அனுப்பிப் புதுப்பிக்க முடிந்தது. 2004 ஜூலையில் அது நின்றது. விசாவுக்குக் கைரேகை கட்டாயமானது, அதை உள்நாட்டில் எடுக்க வசதியில்லை என்று காரணம் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கனடாவின் டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும், மெக்ஸிகோவின் எல்லை நகரங்களுக்கும் படையெடுப்பு தொடங்கியது. சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத்தூதரகத்தில் தேதி கிடைக்காதவர்களுக்கு அது ஒரு மாற்றுவழியாகவும் இருந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் சுற்றுலா விசா நேர்காணலுக்கு மிக நீண்ட காத்திருப்பு நிலவியபோது, தாய்லாந்து போகும் இந்தியர் பாங்காக்கில் விண்ணப்பிக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகமே அறிவித்தது.

இந்தப் பயணத்தில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. முத்திரை காலாவதியானவரும் கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பலாம் என்று அமெரிக்க விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும்போது புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். மறுத்தாலோ, கூடுதல் விசாரணை என்று இழுத்தாலோ, வீடும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில். சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பிவிடலாம், விதியை மதித்து முத்திரை கேட்டவர் மாட்டிக்கொள்வார். இதைத் திருத்த 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 26 வரை ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. கனடாவிலும் இந்தியாவிலும் குறிப்பிட்ட ஆண்டுகளில் விசா வாங்கிய ஹெச்-1பி பணியாளர் 20,000 பேர்வரை, 205 டாலர் கட்டி உள்நாட்டிலேயே புதுப்பிக்கலாம் என்றார்கள். அவர்களின் கைரேகை ஏற்கெனவே அரசிடம் இருந்தது. 2004இல் சொன்ன காரணம் இருபது ஆண்டில் தீர்ந்துபோனதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த வழி நிலையான ஏற்பாடாகவில்லை. மாறாக, 2025 செப்டம்பரில் விசா புதுப்பிப்போருக்கு இருந்த நேர்காணல் விலக்கு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே மாதம் அறிவித்து, பக்கத்து நாட்டு வழியையும் அடைத்தார்கள். டிசம்பரில் சமூக ஊடகச் சோதனை விரிவானபோது, இந்தியாவில் குறித்திருந்த ஹெச்-1பி நேர்காணல்கள் பல 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயின. விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட நேர்ந்தது.

பிற நாடுகளைக் குறை சொல்லும் முன் நம் நாட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவும் இதே விதியை வைத்திருக்கிறது. வெளிநாட்டவருக்கான வேலை விசாவை அவருடைய சொந்த நாட்டிலோ, இரண்டு ஆண்டுக்கு மேல் நிரந்தரமாக வசித்த நாட்டிலோதான் தருவோம் என்பது நம் உள்துறை அமைச்சகத்தின் விதி. 2009இல் பிசினஸ் விசாவில் வந்து மின்நிலையக் கட்டுமானம் போன்ற திட்டங்களில் வேலை செய்த வெளிநாட்டவரை, குறிப்பாகச் சீனரை, அக்டோபர் இறுதிக்குள் ஊர் திரும்பி வேலை விசாவோடு வரச் சொன்னது நம் அரசு. ஆனால் புதுப்பிப்பதில் நாம் நியாயமாக இருக்கிறோம். வேலை விசாவை இங்கிருந்தபடியே நீட்டிக்கலாம். சென்னையில் அதற்கு ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் ‘இ-எஃப்ஆர்ஆர்ஓ’ இணையச் சேவை வந்தபிறகு பெரும்பாலும் அங்கேயும் நேரில் போக வேண்டியதில்லை. எண்ணூரில் இயந்திரம் நிறுவ வந்த கொரியப் பொறியாளரைக் கொழும்புக்குப் போய்வரச் சொல்லாமலே இந்த நாட்டின் பாதுகாப்பு காக்கப்படுகிறது. இதைச் செய்து காட்டிய நாடு, தன் தொழிலாளிக்கும் அதையே கேட்பதற்கு ஏன் தயங்க வேண்டும்?

ராயபுரத்துக்காரர்களுக்கு நன்கு தெரிந்த இன்னொரு தொழிலில் உலகம் இதற்குத் தீர்வு கண்டிருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் வணிகக் கப்பல் துறை அலுவலகத்தின் படி ஏறாத கப்பல் தொழிலாளி அரிது. ஒரு மாலுமி ஆண்டுக்குப் பத்து நாட்டுத் துறைமுகங்களைத் தொடுவார். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டித் தூதரகம் ஏற முடியுமா? முடியாது என்பதை ஏற்றுத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958இலும், பிறகு 2003இலும், கடலோடிகளின் அடையாள ஆவணத்துக்கான உடன்படிக்கைகளை உருவாக்கியது. கப்பல் நிற்கும்போது கரை இறங்க விசா கேட்கக் கூடாது என்பது 2003 உடன்படிக்கையின் வாசகம். இந்தியா 2015 அக்டோபரில் அதில் இணைந்து, 2019இல் முகப்பதிவு கொண்ட அடையாள ஆவணத்தை வழங்கத் தொடங்கியது. அமெரிக்கா போன்ற நாடுகள் இன்றும் மாலுமிகளிடம் விசா கேட்கத்தான் செய்கின்றன. கொரோனா காலத்தில் எல்லைகள் மூடியபோது, 2020 இறுதியில் ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்ததாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. ஆகவே அந்த ஏற்பாடும் முழுமையானதல்ல. என்றாலும் ஒரு கொள்கை அங்கே நிலைபெற்றுவிட்டது: ஆளை ஒருமுறை நன்றாகச் சோதி, அந்தச் சோதனையை மற்றவர்களும் நம்பட்டும்.

நூறாண்டு முன் போனவர்களின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. மலாயா தோட்டங்களுக்குப் போன தமிழர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும், இலங்கைக்குப் போனவர்களை மண்டபத்திலும் முகாம் அமைத்து, அந்தந்த நாட்டு அதிகாரிகள் இங்கேயே சோதித்து அனுப்பினார்கள். 1907இல் மலாயாவில் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அதிலிருந்து தொழிலாளியின் கப்பல் கட்டணம் கட்டப்பட்டது. அந்த ஏற்பாட்டை நான் புகழவில்லை. கங்காணியின் கொடுமையும் தோட்டத்தின் அடிமைத்தனமும் அதோடு பிணைந்திருந்தன, 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியோடு அனுப்புவதை நிறுத்தவும் நேர்ந்தது. ஆனால் ஆள் வேண்டியவன் பயணச் செலவைத் தர வேண்டும் என்ற கணக்கைக் காலனி ஆட்சியின் தோட்ட முதலாளியே ஒப்புக்கொண்டிருந்தான். சுதந்திர இந்தியாவின் வெல்டர் கிஷ் தீவுக்குத் தன் கைக்காசில் போனார்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் இறையாண்மை, அதைக் கேள்வி கேட்க முடியாது என்பது. உள்ளே விடும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே விட்டு, வேலை தந்து, வரி வாங்கி, கைரேகையும் எடுத்து வைத்திருக்கும் ஒருவரைப் பற்றித்தான் பேச்சு. எல்லை தாண்டிப் போய் வந்ததால் அவரைப் பற்றி அந்த அரசுக்குப் புதிதாக ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. இரண்டாவது மறுப்பில் உண்மை இருக்கிறது: பக்கத்து நாட்டுத் தூதரகம் தொழிலாளிக்கு ஒரு வசதி, கனடா போவது சென்னை வருவதைவிட மலிவு, அதைப் பழிக்கலாமா? பழிக்கக் கூடாது. விருப்பமாக இருக்கும்வரை அது வசதிதான். வேறு வழியில்லாமல் செய்யும்போதும், அதையும் அடைத்துவிட்டு உள்நாட்டு வழியைத் திறக்காதபோதும்தான் அது கொடுமையாகிறது. 2025இல் அமெரிக்கா செய்தது இதைத்தான்.

மூன்றாவது மறுப்பே வலுவானது, நம் அதிகாரிகள் பலரும் அதை நம்புகிறார்கள்: விசிட் விசாவை உள்ளிருந்தே வேலை விசாவாக மாற்ற விட்டால், ஏஜென்டுகள் இன்னும் அதிகமானவர்களை அந்த வழியில் அனுப்புவார்கள், குடிபெயர்வுப் பாதுகாப்பே பொருளற்றுப்போகும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் வெளியேறும் விதி பல ஆண்டுகள் கடுமையாக இருந்த காலத்தில்தான் கிஷ் விமானங்கள் நிரம்பி வழிந்தன. விதி ஏஜென்டைத் தடுக்கவில்லை. ஏஜென்டிடம் ஏமாந்தவரை இரண்டாம் முறை தண்டித்தது. புதுப்பிப்பதையும் மாற்றுவதையும் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். அதே வேலையில் இருப்பவர் புதுப்பிக்க வெளியே போக வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. விசிட் விசாவிலிருந்து மாறுபவரைப் பொறுத்தவரை, அவருடைய ஒப்பந்தம் அங்குள்ள இந்தியத் துணைத்தூதரகத்தின் வழியாக இ-மைக்ரேட்டில் பதிவாகி, காப்பீடும் எடுத்த பிறகு உள்ளிருந்தே மாற அனுமதிக்கலாம். அப்போது மாற்றமே பாதுகாப்புக்கு வாசலாகும், யார் அனுப்பினார் என்ற கேள்விக்கும் பதிவில் விடை இருக்கும்.

இதில் நாம் செய்ய முடிந்தது குறைவில்லை. 1983 சட்டத்துக்குப் பதிலாக வெளிநாட்டு வேலைப் பயணத்துக்கான புதிய மசோதாவின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் கருத்துக் கேட்டு வெளியிட்டது. விசா புதுப்பிக்கவோ மாற்றவோ நாடு தாண்ட நேர்ந்தால் பயணச் செலவும் காத்திருக்கும் நாட்களின் சம்பளமும் முதலாளியுடையது என்ற ஒரு வரி, அரசு வகுக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. அவை திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்பயிற்சி நிலையங்களின் வாசலுக்கே வந்து, வேலை விசாவுக்கும் விசிட் விசாவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். சவூதிக்கு இந்தியாவில் டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத்தூதரகமும்தான்; இத்தனை ஆயிரம் பேரை அனுப்பும் சென்னையில் ஒன்று வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமை. வெளிநாடு கிளம்பும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விமானச் சீட்டு கைக்கு வருமுன் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். ‘விசிட்’ என்று இருந்தால், அந்த 275 ரூபாய்க் காப்பீடு உங்கள் பெயரில் இல்லை.